காபிக் கோப்பைக்கு அடியில் ஒரு காகிதம்

இரு கை எழுதிய கதை – 6

1963ஆம் ஆண்டு. நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் அலெக்ஸ் ஹேலியின் சிறிய எழுத்தறை. பகலெல்லாம் கூட்டமும் பிரசங்கமுமாக அலைந்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு மேல் மால்கம் எக்ஸ் தன் சுயசரிதையை ஹேலியிடம் சொல்ல அங்கே வருவார். எஃப்.பி.ஐ. அந்த அறையை ஒட்டுக்கேட்கிறது என்ற சந்தேகம் அவருக்கு. ஹேலி மீதும் பெரிய நம்பிக்கை கிடையாது. கடலோரக் காவல் படையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு எழுத வந்தவர், வெள்ளையர் பத்திரிகைகளில் எழுதுகிறவர், கறுப்பரும் வெள்ளையரும் கலந்து வாழ வேண்டும் என்று நினைக்கிறவர். மால்கமோ அப்போது பிரிந்து வாழ்வதே வழி என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

வாரக்கணக்கில் பேசினார். எல்லாம் தான் சார்ந்திருந்த கறுப்பின முஸ்லிம் இயக்கத்தின் பெருமையும் அதன் தலைவர் எலைஜா முகம்மதுவின் புகழும்தான். ஹேலியின் நோட்டு நிறைந்தது. அதில் மால்கம் மட்டும் இல்லை.

பேசும்போது மால்கமின் கை சும்மா இருக்காது. சிவப்புப் பேனாவால் கிடைத்த துண்டுக் காகிதத்தில் எதையாவது கிறுக்குவார். ஹேலி அதைக் கவனித்தார். காபி வைக்கும்போதெல்லாம் கூடவே காகிதக் கைக்குட்டைகளையும் வைக்க ஆரம்பித்தார். அவர் போன பிறகு எடுத்துப் படிப்பார். வாய் சொல்லாததைக் கை எழுதியிருந்தது.

ஒருநாள் களைத்துப்போய், எரிச்சலோடு அறைக்குள் நடந்துகொண்டிருந்தவரிடம் ஹேலி அம்மாவைப் பற்றிக் கேட்டார். மால்கமின் நடை தளர்ந்தது. அம்மா உடுத்தும் உடுப்புகள் நினைவுக்கு வந்தன. வெளுத்து, சாம்பல் நிறமாகிப்போனவை. இருந்த கொஞ்சத்தை எல்லாருக்கும் எட்ட வைக்கப் பாடுபட்ட அம்மா. 1931இல் அப்பா லான்சிங் நகரில் டிராம் வண்டியில் அடிபட்டு இறந்தார். வெள்ளையர் கொன்றதாகவே குடும்பம் நம்பியது. தனியாளாகப் போராடிய அம்மா லூயிஸ் லிட்டிலை 1939இல் கலமசூ மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் பிரிக்கப்பட்டார்கள். அந்த இரவு மால்கம் பொழுது விடியும்வரை பேசினார். புத்தகம் அன்றுதான் தொடங்கியது என்பேன்.

வாழ்க்கைக் கதை கேட்டு எழுதக் கிளம்பும் இளைஞர்கள் என்னிடம் கேள்விப் பட்டியல் கேட்பார்கள். அந்தக் கைக்குட்டைகளைத்தான் அவர்களுக்குச் சொல்வேன். அவற்றைப் படித்தபடி எத்தனை இரவு காத்திருந்த பிறகு வந்தது அம்மாவைப் பற்றிய அந்தக் கேள்வி!

1964 மார்ச்சில் மால்கம் இயக்கத்தை விட்டு விலகினார். தலைவரை அப்பா ஸ்தானத்தில் வைத்துச் சொன்ன அத்தியாயங்களில் இப்போது சிவப்பு மையால் திருத்தம் போட்டார். ஹேலி மன்றாடினார்: முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் கதை எங்கே நிற்கும்? மால்கம் முதலில் கோபப்பட்டார். பிறகு போன் செய்து, பழையபடியே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். நம்பிய மால்கமும் நம்பிக்கை உடைந்த மால்கமும் ஒரே புத்தகத்தில் நமக்குக் கிடைத்தது இதனால்தான். இந்த இடத்தில் நான் ஹேலி பக்கம்.

எல்லா இடத்திலும் அப்படிச் சொல்ல முடியாது. மால்கமின் அரசியலை ஹேலி தன் சார்புக்கு ஏற்ப மழுங்கடித்தார் என்று வரலாற்றாசிரியர் மானிங் மாரபிள் வாதிட்டார். மால்கம் சொல்லி எழுதிய சில பகுதிகள் அச்சில் வரவே இல்லை. சொல்கிறவருக்கும் எழுதுகிறவருக்கும் ஒப்பந்தம் இருந்தது: மால்கம் சொல்லாத எதுவும் சேராது, அவர் கேட்ட எதுவும் விடுபடாது. ஆனால் அந்த ஒப்பந்தத்துக்குக் காவலாக இருக்கவேண்டிய மால்கம் 1965 பிப்ரவரி 21 அன்று ஹார்லெமுக்கு வடக்கே ஆடுபான் அரங்க மேடையில் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தகத்தை வெளியிட ஒப்பந்தம் செய்திருந்த டபுள்டே நிறுவனம் அடுத்த சில வாரங்களில் பின்வாங்கியது. அந்த வருடக் கடைசியில் குரோவ் பிரஸ்தான் வெளியிட்டது.

விடுபட்ட 'தி நீக்ரோ' என்ற அத்தியாயம் 2018இல் ஏலத்துக்கு வந்தது. மூலப் பிரதியோடு அதை வாங்கியது ஹார்லெமில் உள்ள ஷாம்பர்க் ஆய்வு மையம். அந்தப் பிரதியின் பக்கங்களில் இருவர் கையெழுத்தும் இருக்கிறது.

(தொடரும்)