பிளாஸ்டிக் பையில் வந்த முகம்

உங்கள் வீட்டில் நீண்ட பின்னலோடு நடமாடும் ஒரு மகளோ மருமகளோ உண்டா? அப்படியானால் இந்தப் பக்கத்தைப் பொறுமையாய் வாசியுங்கள். வாசிக்கக் கூசும் காரியந்தான், ஆனாலும் அறிந்திருக்கவேண்டியது.

1994ஆம் ஆண்டில் வட இந்தியக் கிராமம் ஒன்றில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பின்னல் இயந்திரத்தில் சிக்கியது. தலைத்தோலும் முகமும் ஒருசேர உரிந்து, இரண்டு துண்டுகளாய்ப் பிரிந்துபோயின. முடி ஏன் அறுந்துவிடவில்லை என்று கேட்பீர்கள். தலைத்தோலுக்கும் மண்டையோட்டுக்கும் இடையே இளகிய ஓர் அடுக்கு இருக்கிறது. சுழலும் தண்டு கற்றையாய் முடியை இழுக்கையில், முடி அறுவதற்கு முன்னே அந்த அடுக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறது.

பெற்றோர் அந்தத் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்துக்கொண்டு, மகளோடு லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைந்தனர். 1894இல் எடித் பிரவுன் என்னும் மிஷனரி மருத்துவர் தொடங்கிய ஸ்தாபனம் அது. அங்கே டாக்டர் ஆபிரகாம் தாமஸும் அவருடைய குழுவினரும் முகத்தைத் திரும்பப் பொருத்தினார்கள். முழு முகமும் தலைத்தோலும் மீண்டும் பொருத்தப்பட்டது உலகில் அதுவே முதல் முறை என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. பிரான்சு தேசத்தில் முதன்முதலாக இன்னொருவருடைய முகத்தின் ஒரு பகுதியை ஒரு பெண்ணுக்குப் பொருத்தியது 2005இல்தான். சிறுமிக்குத் தழும்புகள் மிஞ்சின. முகத்தசைகளுக்கும் சேதம் இருந்தது. ஆனாலும் அது அவளுடைய சொந்த முகம். பத்தாண்டுகளுக்குப் பின் அவள் செவிலியர் பயிற்சியில் இருந்ததாகச் செய்தி வந்தது.

இத்தகைய காயத்தோடு வருகிறவரிடத்தில் மருத்துவர் முதலில் பார்ப்பது முகத்தையல்ல, மூச்சை, அடுத்ததாக இரத்தப்போக்கை. கண்ணுக்குக் கோரமாய்த் தெரிகிற காயமே உயிரைப் பறிக்கிற காயம் என்று சொல்லமுடியாது. உயிர் நிலைப்பட்ட பின்பே நுண்ணோக்கியின் கீழ் வேலை தொடங்கும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள நாளங்களைத் தேடிப்பிடித்து, தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைக்கிறார்கள். ஓரிரு தமனிகள் சேர்ந்துவிட்டாலே தலைத்தோல் முழுவதும் பிழைக்கக்கூடும். உள்ளே போன இரத்தம் வெளியேற வழியின்றித் தேங்கினால் சில இடங்களில் அட்டைப்பூச்சிகளை விட்டு உறிஞ்சச் செய்வதும் உண்டு. நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம் அது!

இவையெல்லாம் அந்தப் பையை நம்பியே நடக்கின்றன. தசை நிறைந்த கை, கால் துண்டுகள் குளிர்விக்கப்படாவிட்டால் சுமார் 6 மணி நேரத்திற்குள் கெட்டுவிடும். தசை குறைந்த விரலும் தலைத்தோலும் குளிர்ச்சியில் இன்னும் சில மணி நேரம் தாங்கும். ஆகையால் லேத், பிரஸ் பட்டறைகளில் பாடுபடுகிற சகோதரரே, நீங்களும் கேளுங்கள். அறுந்த பாகத்தைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பையில் இட்டு, வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையைப் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் வையுங்கள். பனிக்கட்டி நேரடியாய்ப் பட்டால் திசு உறைந்து மடியும். வெறுந்தண்ணீரில் போட்டால் ஊறிக் கெடும். தோலின் ஒரு நூலிழையில் தொங்கினாலும் அதை வெட்டிவிடாதிருங்கள்.

காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்துக் கையை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ அப்பவேண்டாம். பிற்பாடு அவற்றைக் கழுவி எடுப்பதற்குள் மருத்துவருக்குப் பொன்னான நேரம் போய்விடும். தாகமென்று கேட்டாலும் தண்ணீர் கொடாதிருங்கள், மயக்கமருந்து கொடுக்கவேண்டியிருக்கும். நுண்ணறுவை வசதி எல்லா மருத்துவமனையிலும் இராது. வழியிலேயே தொலைபேசியில் விசாரித்து, இல்லாவிட்டால் எங்கே அனுப்புவார்கள் என்றும் கேளுங்கள்.

அந்நிய ஊரில் பாஷையும் தெரியாமல் போலீஸ் விசாரணைக்கு அஞ்சி ஒதுங்கிப் போகிற நம்மவர் அநேகர். அவசர நோயாளிக்கு முதலில் சிகிச்சை, சம்பிரதாயங்கள் அதன் பின்பே என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்தது. சாலை விபத்தில் அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு கொண்டுசேர்க்கிறவருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்புத் தருகிறது. அவர் தம் பெயரைக் கூடச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை.