ஃப்ரீசர் குளிரவில்லையா? மெக்கானிக் வருவதற்கு முன்...

ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் வன்னியம்பட்டி போன்ற ஊர்களிலும் இன்று மளிகைக் கடை என்றால் அரிசி மூடைக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ரீசர் நிற்கிறது. சித்திரை வெயிலில் அது ஒரு நாள் குளிராமல் போனால் ஐஸ்கிரீம் சரக்கு மொத்தமும் பாழ். அந்தப் பதற்றத்தில், "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று சொல்லும் முதல் ஆளிடம் பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

வணிகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்ரீசரில் உள்ள வாயு, அடுப்பு சிலிண்டர் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே வாயுதான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் வாயு நிரப்பினால் மறுபடியும் அதே செலவுதான்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். பிளக், ஃபியூஸ், ஸ்டெபிலைசர் சரிதானா? குளிர்நிலைத் திருகை யாராவது திருப்பிவிட்டார்களா? கடைகளுக்கு வரும் பல பெட்டிகளில் 'ஃப்ரீசர்', 'கூலர்' என இருநிலை சுவிட்ச் உண்டு. துடைக்கும்போது அது கூலருக்கு மாறிவிட்டால் கூல்டிரிங்ஸ் குளிரும், ஐஸ்கிரீம் உருகும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

அடுத்து, பெட்டி நிற்கும் இடம். பல ஃப்ரீசர்களில் வெப்பத்தை வெளியே தள்ளும் குழாய் பக்கத் தகட்டுக்கு உள்ளேயே ஓடுகிறது. அதனால்தான் பக்கங்கள் சுடுகின்றன; அது கோளாறு அல்ல. அந்தத் தகட்டோடு ஒட்டி மூடைகளை அடுக்கினால் வெப்பம் வெளியேற வழி ஏது? எல்லாப் பக்கமும் நான்கு விரற்கடையாவது இடம் விடுங்கள். பின்னால் வலைக்குழாய் உள்ள பெட்டியானால் மாவுத்தூள், மிளகாய்த்தூள், மில் ஊர்களில் பஞ்சுத்தூசி எல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை தட்டினால் போதும்.

கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. உள்ளே பனி தடித்திருந்தால் பெட்டியை நிறுத்தி உருகவிடுங்கள். கத்தியால் கொத்தாதீர்கள், குழாயில் ஓட்டை விழுந்தால் அப்போதுதான் உண்மையிலேயே கேஸ் போகும்.

இனி காதால் கேளுங்கள். கம்ப்ரசர் சில நொடி முனகி, 'டக்' என்று நின்று, சிறிது நேரம் கழித்து அதையே திரும்பச் செய்தால் குறைந்த வோல்டேஜாகவோ ரிலே பழுதாகவோ கம்ப்ரசர் இறுகியதாகவோ இருக்கலாம். ரிலே என்றால் செலவு சிறிது. கம்ப்ரசர் நிற்காமல் ஓடியும் பக்கத்தகடு சூடேறவில்லை என்றால்தான் வாயுக்கசிவையோ கம்ப்ரசரின் பலவீனத்தையோ சந்தேகிக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்தே போடுங்கள். குழாய்களில் அழுத்தம் சமமாக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

மெக்கானிக் வந்தால், எந்த வாயு என்று பெட்டியின் லேபிளைக் காட்டிச் சொல்லுங்கள். பழைய ஆர்-12 உற்பத்தி ஓசோன் படலம் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2010க்குள் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. இப்போது பல பெட்டிகளில் உள்ள ஆர்-600ஏ, ஆர்-290 இரண்டும் தீப்பற்றக்கூடியவை. அடைத்த கடைக்குள் பற்றவைப்பு வேலை செய்ய விடாதீர்கள். கம்பெனி கொடுத்த பெட்டியானால் நீங்கள் கை வைக்காமல் ஏஜெண்டிடம் சொல்லிவிடுவதே முறை.

பழுது தீரும்வரை மூடியைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடியே இருந்தால் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. நம் வெயிலுக்கும் கண்ணாடி மூடிக்கும் இது குறையும். உறைபொருளுக்கு வேண்டியது மைனஸ் 18 டிகிரி. உருகிய ஐஸ்கிரீமை மீண்டும் உறைய வைத்து விற்காதீர்கள். உருகிய நேரத்தில் பெருகிய கிருமி உறைவதால் சாவதில்லை. அதைத் தின்பது பெரும்பாலும் குழந்தைகள்.

மே 5 வணிகர் தினத்துக்குக் கடையை அடைத்து மாநாட்டுக்குப் போகிறவர்கள், ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் நாணயம் ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரக்கு நலம். அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது மின்சாரம் போய், எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது.