அறையை அளந்த ஆரணிப் பிள்ளைகள்

நம்மில் பலருக்கு முதலாண்டு டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு பட்ட பாடு நினைவிருக்கும். அதே பாடத்தைப் பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர முடியுமா? என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஆரணி போனபோது, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளோடு முயன்று பார்த்தோம்.

முதல் நாள் பேப்பரே எடுக்கவில்லை. தரையில் தீப்பெட்டி, டம்ளர், செருப்பு மூன்றையும் வைத்து, நேர் மேலேயிருந்து பார்த்து வரையச் சொன்னோம். டம்ளர் வெறும் வட்டமாக வந்ததும், "இது டம்ளர்னு யாருக்கு அண்ணா தெரியும்?" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். அங்கிருந்துதான் குறியீடு, பெயர் எழுதுதல் எல்லாம் தொடங்கின.

பிறகு அளவு. ஒரே சுவரை ஒருவன் சாண் போட்டு 18 என்றான், இன்னொருத்தி 21 என்றாள். சண்டை முற்றியதும் டேப்பை நீட்டினோம். அறை 12 அடிக்கு 9 அடி. வரைபடத்தில் 1 அடிக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டோம். கணக்காகப் பார்த்தால் இது 1:30.48, டிராயிங் சார் பார்த்தால் ஷீட்டைத் திருப்பி வீசியிருப்பார். ஆனால் பிள்ளைகளுக்கு வகுத்தலே வேண்டாம், கிராஃப் தாளில் கட்டத்தை எண்ணினால் போதும்.

கிராஃப் தாள் அவர்களுக்குப் புதிதும் இல்லை. சேலை பார்டரின் மயிலும் மாங்காயும் முதலில் கட்டத்தாளில்தான் பிறக்கின்றன. அதைப் பார்த்துத்தான் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுகிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கட்டம் என்பது இழைக் கணக்கு. பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இல்லாவிட்டால், தாளில் உருண்டையாக இருப்பது துணியில் நீண்டுவிடும். வரைபடத்திலோ நீளம், அகலம் இரண்டுக்கும் ஒரே அளவுதான்.

9, 12 என்றால் மூலைவிட்டம் 15 வரவேண்டும். டேப் 14 அடி 9 அங்குலம் காட்டியது. சுவர் கோணல்! எனவே ஒரு சுவரை வரைந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் காம்பஸால் வில் போட்டு, வெட்டும் இடத்தில் அடுத்த மூலையைக் குறித்தோம். 1802-இல் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, மீதியைக் கோணங்களால் கண்டு இந்தியாவை முக்கோணங்களால் பின்னிய கதையை அப்போது சொன்னேன். முக்கோணம் நெளியாது, நாற்கரம் நெளியும். இரண்டு பேருக்கும் நம்பிக்கை அதில்தான்.

குழித்தறியை வரைவதுதான் நம்மையே மடக்கியது. மிதி இருக்கும் குழி தரைக்குக் கீழே, ஜக்கார்டு பெட்டி தலைக்கு மேலே. பிளான் என்பது இடுப்புக்குச் சற்று மேலே வீட்டைக் கிடையாக அறுத்து, கீழே பார்ப்பது. அதனால் குழியை முழுக்கோட்டிலும், மேலிருக்கும் பெட்டியைப் புள்ளிக்கோட்டிலும் போடச் சொன்னோம். கதவு திறக்கும் கால்வட்டத்தை எல்லோருமே மறந்தார்கள்.

கடைசி நாள் கழித்துப் போட்ட ஜக்கார்டு அட்டைகளை அதே அளவுக்கு வெட்டி, தறி, பீரோ, மேசை என்று தாளில் நகர்த்திப் பார்த்தார்கள். ஒரு பையன் அப்பாவிடம் ஓடினான். "இன்னொரு தறி போடலாம்ப்பா, இடம் இருக்கு!" இரண்டு தறி அட்டையும் 9 செ.மீ.க்குள் அடங்கி, முக்கால் செ.மீ. மிச்சம் இருந்தது. எனக்கும் சந்தோஷம். அப்பா தறியைக் கையால் ஒரு முறை அளந்தார். "பக்கத்துல பக்கத்துல ரெண்டு போட முடியாதுன்னு எங்கப்பா காலத்துலயே பாத்தாச்சு சாமி" என்றார்.

தாளைப் பார்த்தேன். தறி அகலம் 4 அடி 10 அங்குலத்தை அவன் 4.10 என்று எழுதி, 4.1 செ.மீ.க்கு வெட்டியிருக்கிறான். 10 அங்குலம் என்பது 12-இல் 10 பங்கு, 4.83 வரவேண்டும். இரண்டு தறிக்கு 9 அடி 8 அங்குலம் வேண்டும். அவர் நம்பிக் குழி வெட்டியிருந்தால்? அளவு எழுதும்போது கூட இருந்தவன் நான்தான். நம் சர்வே பிராக்டிகலிலும் இதே 4.10-ஐ நானே எழுதியிருக்கிறேன், அதனால் அவனைத் திட்ட வாய் வரவில்லை.

சரியான அளவுக்கு அட்டையை மறுபடி வெட்டினோம். இரண்டாவது தறி சுவரைத் தாண்டி வெளியே போனது. பையன் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவனே ஒற்றைத் தறி அட்டையை ஓரமாகத் தள்ளி, மிச்சமிருந்த 4 அடி 2 அங்குலத்தில் ஜன்னலோரமாக மேசை அட்டையை வைத்தான். "இங்க உக்காந்து படிக்கலாமா அண்ணா?" கதவின் கால்வட்டம் மேசையில் இடிக்கிறதா என்று பார்த்தோம். இடிக்கவில்லை.