விண்ணப்பக் கட்டுரை இரக்க மனு அன்று

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவு லயன் வீடுகளை மக்களோடு சேர்த்து மூடியது. அன்று பாடசாலைச் சிறுவர்களாக இருந்தவர்களுள் பலர் இன்று இருபது வயதைக் கடந்துவிட்டனர். ஊவாத் தோட்டங்களிலிருந்து பட்டதாரிகளாகி, வணிக முகாமைத்துவத்தில் மேற்படிப்பை நாடும் இளைஞர், யுவதிகளும் இன்று இருக்கின்றனர். அவர்களுக்குப் பரீட்சையைவிடப் பெரிய தடையாக அமைவது பல வேளைகளில் ஒரு சில பக்கக் கட்டுரையே ஆகும்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எமது நாட்டில் அரச பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளியைக் கொண்டே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகின்றது. பதுளை, நுவரெலியா போன்ற மாவட்டங்களுக்குப் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற வகையில் தனி ஒதுக்கீடும் உண்டு. ஆனால் எந்தக் கட்டத்திலும் "நீர் யார், என்ன செய்தீர், ஏன் இதனைக் கற்க விரும்புகின்றீர்" என்று மாணவனிடம் எவரும் கேட்பதில்லை. பதினாறு, பதினேழு ஆண்டுகள் கற்ற பின்னர் முதன்முறையாக அக்கேள்வியைச் சந்திப்பவர் தடுமாறுவது இயல்பே.

வெளிநாட்டு வணிகக் கல்லூரிகளோ அக்கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன. தமக்கு வாழ்வில் யாவற்றிலும் முக்கியமானது எது, ஏன் என்பதை எழுதுமாறு அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் வணிகக் கல்லூரி நெடுங்காலமாக விண்ணப்பதாரர்களைக் கேட்டு வந்துள்ளது. ஹார்வர்ட் வணிகக் கல்லூரி 2024 இல், வணிக நாட்டம், தலைமைத்துவம், வளர்ச்சி ஆகிய மூன்று பொருள்களில் சிறு கட்டுரைகளைக் கேட்கும் முறைக்கு மாறியது. இலங்கையரும் விண்ணப்பிக்கக்கூடிய பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில், தலைமைத்துவம், தொடர்புகளை வளர்த்தல், கற்கைத் தெரிவு, எதிர்காலத் தொழில் திட்டம் ஆகியவற்றைப் பற்றி எழுதச் சொல்கின்றது. கேள்விகள் வேறுபட்டாலும் அவற்றின் அடிப்படை ஒன்றே. இவர் எவ்வாறு முடிவெடுக்கின்றார், பிறரோடு எவ்வாறு இயங்குகின்றார், இக்கல்வியை எதற்குப் பயன்படுத்துவார் என்பதையே அவை அறிய முற்படுகின்றன.

இங்குதான் எமது மாணவர்கள் இரு பெரும் பிழைகளைச் செய்கின்றனர். முதலாவது, பொதுவான புகழ்மொழிகளை அடுக்குவது. "சிறுவயது முதல் தலைமைத்துவப் பண்பு கொண்டவன்" என்ற வாக்கியம் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். ஆகவே ஒருவரையும் அடையாளம் காட்டாது. இரண்டாவது, துயரத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது. வறுமையையும் லயன் அறையையும் மண்சரிவையும் விவரித்துவிட்டு, "ஆகவே எனக்கு வாய்ப்புத் தாருங்கள்" என்று முடித்தால் அது இரக்க மனுவாகிவிடுகின்றது. வாசிப்பவர் மனம் நெகிழலாம். ஆனால் அனுமதி வழங்குவதற்கான காரணம் அவருக்குக் கிடைப்பதில்லை.

துயரத்தை மறைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. அது எழுதுபவரின் வாழ்வாயின் எழுதலாம், எழுத வேண்டும். பிறருடைய இழப்பைத் தன் கதையின் அலங்காரமாக்குவது மட்டுமே தவறு. மீரியபெத்தவையே எடுத்துக்கொள்வோம். அப்பகுதி அபாயமானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருந்தது. எனினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். எச்சரிக்கை உரியவரை ஏன் சென்றடையவில்லை? சென்றடைந்திருந்தாலும் மாற்று நிலமும் வீடும் இன்றி அவர்கள் எங்கு சென்றிருப்பார்கள்? இவை கண்ணீருக்குரிய கேள்விகள் மட்டுமல்ல. தகவல், பொறுப்பு, முதலீடு பற்றிய முகாமைத்துவக் கேள்விகளுமாகும். அவற்றை எழுப்பி, அதற்கெனத் தான் செய்த சிறு பணியையும் சொல்லும் விண்ணப்பதாரரை எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அத்தகைய பணி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கற்பனை எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கணக்கை ஒரு யுவதி பொறுப்பேற்கிறாள். சந்தா ஒழுங்காகச் சேர்வதில்லை. மக்களுக்கு அக்கறையில்லை என்று மற்றவர்கள் குறைகூற, அவள் கொப்பியைப் புரட்டிப் பார்க்கிறாள். கையில் பணமில்லாத மாதக் கடைசியில் சந்தா கேட்கப்படுவதே காரணம் என்று கண்டு, அதனைச் சம்பள நாளுக்கு மறுநாள் என மாற்றுகிறாள். எதிர்த்த மூத்தவர்களுக்குக் கணக்கைக் காட்டி விளக்குகிறாள். ஆறு மாதங்களில் நிலுவை பாதியாகக் குறைகின்றது. "எனக்குத் தலைமைத்துவம் உண்டு" என்று அவள் எழுதவே வேண்டியதில்லை. பண்டாரவளையில் தந்தையின் கடையில் கடன் கொப்பி எழுதி வளர்ந்த முஸ்லிம் இளைஞனுக்கும் இது பொருந்தும். யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது வணிகக் கல்லூரிகள் கற்பிக்கும் பாடமே.

எழுதும் முறையிலும் சில கவனங்கள் தேவை. முதலில் தமிழில், ஒருவருக்குச் சொல்வதுபோல் நிகழ்ச்சியை எழுதுக. ஆண்டு, தொகை, எண்ணிக்கை, தன் பங்கு ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. பின்னர் அத்தாளை மூடிவைத்து, எளிய ஆங்கிலத்தில் புதிதாக எழுதுக. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் இரு மொழியும் கெடும். "நாங்கள்" செய்தது எது, "நான்" செய்தது எது என்பதைப் பிரித்துக் காட்டுக. தோல்வியையும் அதிலிருந்து மாற்றிக்கொண்டதையும் மறைக்க வேண்டாம். எதிர்காலத் திட்டத்தை, "சமூகத்துக்குச் சேவை செய்வேன்" என்று விட்டுவிடாமல், எந்தத் துறையில், எந்தப் பொறுப்பில், எதனை மாற்ற என்று குறிப்பிடுக. அதற்கு அந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் உதவும் என்பதையும் அறிந்து எழுதுக. கேட்ட கேள்விக்கே, கேட்ட சொல்லளவுக்குள் விடையளிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பணம் கொடுத்துப் பிறரைக் கொண்டு எழுதுவிப்பதும், கணினி ஆக்கித்தரும் கட்டுரையை அப்படியே அனுப்புவதும் நேர்மையற்றவை, ஆபத்தானவையும்கூட. பரிந்துரைக் கடிதமும் நேர்முகமும் கட்டுரையோடு பொருந்தாவிடில் உண்மை வெளிப்பட்டுவிடும்.

நல்ல கட்டுரை மட்டுமே வாயிலைத் திறந்துவிடாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நுழைவுப் பரீட்சைக் கட்டணம், ஆங்கில அறிவு, வழிகாட்டுவோர் இல்லாமை ஆகியன தோட்டப்புற மாணவருக்கு உண்மையான தடைகள். பதுளையிலேயே 2005 இல் உருவான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் மலையகப் பட்டதாரிகளும் பாடசாலை அதிபர்களும் மனம் வைத்தால், மாதம் ஒரு நாள் ஒரு மண்டபத்தில் மாணவர்களை எழுதவைத்துத் திருத்திக் கொடுப்பது இயலாத காரியமன்று.

மீரியபெத்த என்றால் உலகம் இன்று ஒரு மண்சரிவை மட்டுமே நினைக்கின்றது. அங்கிருந்து வருபவர்கள் தாம் சிந்தித்ததையும் செய்ததையும் தம் கையாலேயே எழுதும்போது, அப்பெயருக்கு வேறொரு பொருளும் சேரும்.