பழுது நீங்கிய பின்னும் எரியும் விளக்கு

பழுதான இக்னிஷன் காயிலை மாற்றியாயிற்று. இன்ஜின் உதறலும் நின்றுவிட்டது. ஆனால் டாஷ்போர்டில் இன்ஜின் வடிவில் எரியும் மஞ்சள் விளக்கு மட்டும் அணையவில்லை. கார்க்காரர்கள் பலர் மெக்கானிக்கைச் சந்தேகிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். மெக்கானிக்கும் அந்தச் சந்தேகத்துக்கு அஞ்சியே, சாவியைக் கொடுக்குமுன் ஸ்கேனரைச் செருகி, பதிவாகியிருக்கும் எரர் கோடுகளை அழித்து, விளக்கை அணைத்து அனுப்பிவிடுகிறார். சந்தேகமும் வேண்டாம், அவசர அழிப்பும் வேண்டாம். எப்போது அணைவது என்பதற்கு அந்த விளக்குக்கே ஒரு கணக்கு உண்டு.

இந்த விளக்கைக் கொண்டுவந்தது புகைப் பிரச்சினை. லாஸ் ஏஞ்சலஸ் நகரை மூடிய புகைமூட்டத்தோடு போராடிய கலிஃபோர்னியா மாநிலம், 1988 மாடல் கார்களிலிருந்து, புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் காரின் கணினியே கண்காணித்துப் பழுதைச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. 1996 மாடல்களிலிருந்து ஓபிடி-2 என்ற முறை அமெரிக்கா முழுக்கக் கட்டாயமானது. டாஷ்போர்டின் அடியில் 16 முனைகள் கொண்ட ஒரே வகைச் சாக்கெட்டும், எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான குறியீடுகளும் அதில் வந்தவை. இந்தியாவில் ஓபிடியின் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே சைலன்ஸர் வழியாக என்ன வெளியேறுகிறது என்பதுதான் இந்த விளக்கின் முதல் கவலை. ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாத வண்டியிலும் அது எரிவது இதனால்தான்.

கணினி எடுத்த எடுப்பில் விளக்கைப் போடுவதில்லை. பெரும்பாலான பழுதுகளை முதல் ஓட்டத்தில் கண்டால் குறித்து மட்டும் வைத்துக்கொள்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதே பழுது தென்பட்டால்தான் விளக்கு எரியும். அணைப்பதிலும் இதே நிதானம். அந்தப் பழுதைக் கண்டறியும் சோதனை முழுதாக நடந்து, பழுது தென்படாத ஓட்டங்கள் தொடர்ந்து மூன்று வர வேண்டும். விளக்கு அணைந்த பிறகும் குறியீடு நினைவில் இருக்கும். இன்ஜின் ஏறத்தாழ 40 முறை குளிர்ந்து சூடேறிய பிறகே அது தானாக அழியும்.

சாவியைத் திருப்பிக் கடைத்தெருவுக்குப் போய் வந்தால் அது ஓர் ஓட்டக் கணக்கில் சேரும் என்று சொல்ல முடியாது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் சோதனையைப் பாருங்கள். பெட்ரோல் காரில் அதற்கு முன்னால் ஓர் ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. வழக்கமான வகையில் முன்சென்சாரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். கன்வர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துப் பிறகு வெளிவிடுவதால் பின்சென்சார் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் கன்வர்ட்டர் செயலிழக்கிறது என்று பொருள். பி0420 என்ற குறியீடு பதிவாகும். இதை ஒப்பிட்டுப் பார்க்க கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், வண்டியும் சற்று நேரம் சீரான வேகத்தில் போக வேண்டும். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் நகர ஓட்டத்தில் அந்த வாய்ப்பு நாள்கணக்கில் கிடைக்காமல் போகலாம். இரவெல்லாம் நிறுத்திவைத்த வண்டியைக் காலையில் எடுத்து, சில நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு, பிறகு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போய், இடையிடையே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துத் தானாக வேகம் குறையவிட்டால் பெரும்பாலான சோதனைகள் முடிந்துவிடும்.

ஸ்கேனரால் அழித்தால் விளக்கு உடனே அணையும். ஆனால் அதோடு பழுது நேர்ந்த கணத்தில் இன்ஜின் என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில், என்ன பளுவில் ஓடியது என்ற பதிவும் போய்விடும். அடுத்த மெக்கானிக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல தடயம் அது. முடிந்த சோதனைகளும் முடியாதவையாகிவிடும். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். கணினி அனுபவத்தில் திருத்தி வைத்திருந்த எரிபொருள் கணக்கும் சேர்ந்து அழியலாம். அமெரிக்காவில் ஓபிடி வழியாகப் புகைச் சோதனை செய்யும் இடங்களில், சோதனைகள் முடியாத காரை விளக்கு எரியாவிட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். 2010 மாடல்களை ஒட்டி ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடும் அங்கே வந்துவிட்டது. பழுது நீங்கியதைத் தானே சோதித்து உறுதி செய்த பிறகுதான் கணினி அதை நீக்கும். சரியான ஏற்பாடு என்றே சொல்வேன்.

சில நாள் ஓட்டியும் அணையாவிட்டால், அல்லது அணைந்து மீண்டும் எரிந்தால், குறியீட்டைப் படித்துப் பழையதுதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தச் சோதனை தோற்றது என்பதை மட்டுமே குறியீடு சொல்லும். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது. காற்று மிகுந்து எரிபொருள் குறைந்தது என்பது பி0171. அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுபவர்கள் உண்டு. காற்று உள்ளே போகும் ரப்பர் குழாயில் விரிசல் இருந்தால் புது சென்சாரும் அதே உண்மையைத்தான் சொல்லும். எந்தப் பாகத்தையும் வாங்குமுன் அதை எப்படிச் சோதித்தார்கள் என்று கேளுங்கள்.

இவ்வளவு பொறுமையும் விளக்கு நிலையாக எரியும்போது மட்டும். காயில் மாற்றிய பிறகு அது மின்னி மின்னி எரிந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் இன்னும் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. மாற்றிய காயிலின் இணைப்பு சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், வேறொரு காயிலும் போயிருக்கலாம். முதல் சிலிண்டருக்கு பி0301, இரண்டாவதற்கு பி0302 என்று குறியீடே இடத்தைக் காட்டும். பற்றாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்தால், உள்ளே நுண்துளைகளாக அமைந்த பீங்கான் உருகிவிடும். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், கட்டி இழுத்துப் போகச் சொல்லுங்கள். காயிலுக்கு ஆகும் செலவைப் போலப் பல மடங்கு கன்வர்ட்டருக்கு ஆகும்.