வேலையில இருந்துக்கிட்டே பிஎச்டி: கைடை எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

நான் இருக்கிறது மணிமங்கலத்துல. சாயங்காலம் ஆனா ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து கம்பெனி பஸ் வரிசையா வரும். அதுல வர்ற இன்ஜினியர்கள்ல எம்.இ. முடிச்சவங்க பலர் என்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "வேலையை விடாம பிஎச்டி பண்ணணும், எந்த யூனிவர்சிட்டி நல்லது?"

நான் திருப்பிக் கேட்பேன்: "யார்கிட்ட சேரப் போறீங்க?" யூனிவர்சிட்டி பேரு பட்டத்துல இருக்கும். ஆனா நடுவுல இருக்கிற வருஷங்கள் எப்படிப் போகும்ங்கிறது பெரும்பாலும் கைடைப் பொறுத்தது. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

விதி என்ன சொல்லுது?

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, பிஎச்டிக்கான புதிய விதிகளை 2022 நவம்பர்ல வெளியிட்டது. (ஐஐடிகளுக்குத் தனி விதிமுறைகள் இருக்கு.) அதன்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்துல 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடா இருக்கலாம். ஓய்வு பெற 3 வருஷத்துக்குக் குறைவா இருந்தா புதுசா மாணவர்களை எடுக்கக் கூடாது. படிப்புக் காலம் குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6 வருஷம். மறுபதிவு செஞ்சா இன்னும் 2 வருஷம் கிடைக்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுக்கு மேலயும் 2 வருஷச் சலுகை உண்டு.

வேலையில இருக்கிறவங்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். பகுதிநேரமா சேர கம்பெனியோட தடையில்லாச் சான்று வேணும். ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்க அனுமதி இருக்கு, தேவைப்பட்டா வகுப்புகளை முடிக்க விடுவிப்போம்னு அதுல எழுதித் தரணும்.

ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆராய்ச்சி ஆலோசனைக் குழு இருக்கணும். செமஸ்டருக்கு ஒரு தடவை அந்தக் குழு முன்னாடி நின்னு, என்ன செஞ்சோம், அடுத்து என்னன்னு சொல்லணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் குழுவைக் கூட்டுறவரே கைடுதான். அப்போ, "எட்டு மாசமா என் டிராஃப்டை சார் பார்க்கவே இல்ல"ன்னு ஒரு மாணவர் அங்க எப்படிச் சொல்லுவார்? ஒரு கைடுகிட்ட எத்தனை பேர் சேரலாம்னு விதி சொல்லிடும். அவர் உங்களுக்கு எவ்வளவு நேரம் தருவார்ங்கிறதை விதியால உறுதி செய்ய முடியாது. அதனாலதான் சேர்றதுக்கு முன்னாடியே விசாரிக்கணும்னு சொல்றேன்.

கைடோட முதல் வேலை: கேள்வியைச் செதுக்குறது

ஒரு உதாரணம் சொல்றேன். கார் பாடி கட்டுற லைன்ல ஸ்பாட் வெல்டிங் நடக்குது. எலெக்ட்ரோடு முனை தேயத் தேய வெல்டு பலவீனமாகுது. கம்பெனிக்கு வேண்டியது, "எத்தனை வெல்டுக்கு ஒரு தடவை முனையைச் சீவணும்?"ங்கிறதுக்கு ஒரு நம்பர். அது ஒரு நல்ல புராஜெக்ட், ஆனா பிஎச்டிக்குப் போதாது. "வெல்டு நடக்கும்போது மின்தடை மாறுற விதத்தை வச்சே முனை தேய்ஞ்சிருக்கிறதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும்னா ஏன்? வேற தகட்டுலயும் அது பொருந்துமா?" இப்படிக் கேட்டா ஆராய்ச்சி ஆரம்பிக்குது. நம்ம கையில பிரச்சினை இருக்கும். அதைக் கேள்வியா மாத்த உதவுறது கைடு.

இதுக்கு ஒரு பெரிய முன்னுதாரணம் கிண்டியில இருக்கு. ஜி.என். ராமச்சந்திரன் 1942-ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் சேர்ந்தவர். அங்க சி.வி. ராமன் அவரை இயற்பியல் பக்கம் இழுத்துக்கிட்டார். 1952-ல சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரா வந்தார். தோல், எலும்புல இருக்கிற கொலாஜன் புரதம் மூணு இழை முறுக்கா இருக்குன்னு 1954-ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து சொன்னார். அந்த மாதிரியில சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருக்கமா இருக்குன்னு பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ரெண்டு பேரும் விமர்சிச்சாங்க.

ராமச்சந்திரன் அந்த விமர்சனத்தையே அடுத்த ஆராய்ச்சிக் கேள்வியா மாத்தினார்: புரதத்துல அணுக்கள் உண்மையில எவ்வளவு நெருங்கலாம்? அவரோட மாணவர்கள் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் அதுல இறங்கினாங்க. 1963-ல மூணு பேர் பெயரோடயும் வந்த கட்டுரையிலதான் 'ராமச்சந்திரன் வரைபடம்' பிறந்தது. இன்னைக்கும் உலகத்துல புதுசா ஒரு புரதத்தோட வடிவம் கண்டுபிடிச்சா, சரியா இருக்கான்னு பார்க்க அதைத்தான் எடுக்கிறாங்க. தன் வேலை மேல வந்த குறையை மாணவர்கள் முன்னாடி மறைக்காம, அதையே அவங்க கையில கேள்வியா கொடுக்கிறதுதான் நல்ல கைடுக்கு அடையாளம்.

யாருக்குப் பெயர்?

கட்டுரையில மூணு பேர் இருந்தாலும் வரைபடத்துக்கு நிலைச்சது ஒருத்தர் பெயர்தான். கேம்பிரிட்ஜ்ல 1967-ல பல்சரோட சிக்னலை முதல்ல கவனிச்சவர் ஆராய்ச்சி மாணவியா இருந்த ஜோசலின் பெல். 1974-ல அதுக்கான நோபல் பரிசு அவரோட கைடு ஆன்டனி ஹ்யூவிஷுக்குப் போச்சு. பெல் அந்தப் பட்டியல்ல இல்ல. 2018-ல அவருக்குக் கிடைச்ச 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசை, வாய்ப்பு குறைவா கிடைக்கிற பிரிவுகள்ல இருந்து இயற்பியல் பிஎச்டிக்கு வர்றவங்களோட உதவித்தொகைக்குக் கொடுத்துட்டார்.

நம்ம அளவுல இந்தப் பிரச்சினை எளிமையா வரும். கட்டுரையில முதல் பெயர் யாரோடது? வேலையே செய்யாதவங்க பெயர் சேருமா? வெல்டிங் டேட்டா கம்பெனியோடது, ஆனா தீசிஸ் எல்லாரும் படிக்கக்கூடியது. அப்போ எதை வெளியிடலாம்? இதையெல்லாம் முதல் வருஷத்துலயே எழுத்துல வாங்கிடுங்க. நாலாவது வருஷத்துல கம்பெனி "முடியாது"ன்னு சொன்னா அதுவரைக்கும் செஞ்ச உழைப்பு முடங்கிடும்.

சேர்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டியவை

1. இப்போ உங்ககிட்ட எத்தனை மாணவர்கள் இருக்காங்க?
2. முடிச்சவங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு? பாதியில விட்டவங்க உண்டா?
3. ஷிஃப்ட்ல இருக்கிற எனக்கு மாசத்துல எத்தனை தடவை நேரம் தர முடியும்?
4. எழுதிக் கொடுத்தா எத்தனை நாள்ல திருத்தித் தருவீங்க?
5. கட்டுரையில பெயர் வரிசையை எப்படி முடிவு பண்ணுவீங்க?

முதல் கேள்விக்கான பதிலை யுஜிசி எண்ணிக்கையோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டாவது கேள்விக்கான பதிலை அவரோட பழைய மாணவர்கள் ரெண்டு பேர்கிட்ட தனியாவும் கேளுங்க. லேப் வாசல்ல டீ குடிச்சுக்கிட்டே கேட்டா உண்மை வரும். இந்தக் கேள்விகளைக் கேட்டதுக்கே ஒருத்தர் கோபப்பட்டா, அவர்கிட்ட சேர வேண்டாம்.

பணிவுங்கிறது வேற, தெளிவுங்கிறது வேற. "சார், நான் கேட்கலாமா"ன்னு மரியாதையா ஆரம்பிச்சு, இது எல்லாத்தையும் கேட்டுடலாம். ஆறு வருஷம் கொடுக்கப் போறது நீங்கதானே.

அடுத்த எபிசோடுல, கம்பெனிகிட்ட தடையில்லாச் சான்று எப்படிக் கேட்டு வாங்குறதுன்னு பார்க்கலாம்.