பச்சை பிளேட் பிக்கப்புக்கு வரிக்கழிவு உண்டா?

தோவாளைப் பூவும் வடசேரிக் காய்கறியும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் சாலை மார்க்கெட்டுக்கு வந்து சேர்வதில் 'குட்டி யானை' எனப்படும் சிறு பிக்கப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. டீசலுக்குப் பதில் பச்சை நம்பர் பிளேட் மாட்டிய மின்சார வண்டி வாங்கினால் வருமான வரியில் ஏதாவது கழியுமா? சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் கழியும். தேதியைப் பார்த்தால், இன்று வாங்குபவருக்குக் கழியாது.

2019 பட்ஜெட்டில், 1961 வருமான வரிச் சட்டத்துக்குள் 80இஇபி என்ற பிரிவு நுழைந்தது. மின்வாகனம் வாங்கத் தனிநபர் எடுத்த கடனின் வட்டியில் ஆண்டுக்கு ரூ.1.5 லட்சம் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். கார், ஸ்கூட்டர், சரக்கு வண்டி என்று அந்தப் பிரிவு பாகுபடுத்தவில்லை. வண்டி முழுக்க மின்மோட்டாரில் ஓட வேண்டும், மின்சாரம் வண்டியின் பேட்டரியிலிருந்தே வர வேண்டும், பிரேக் பிடிக்கும்போது ஓட்டத்தின் ஆற்றல் மின்சாரமாகத் திரும்ப வேண்டும். பிக்கப் இதில் தேறிவிடும், ஹைபிரிட் தேறாது.

சிக்கல் இன்னொரு நிபந்தனையில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31-க்குள் கடன் அனுமதி ஆகியிருக்க வேண்டும். டாடா ஏஸ் ஈவி என்ற மின்சாரப் பிக்கப் அறிமுகமானதே 2022 மே மாதத்தில்தான். வண்டிகள் கைக்கு வரத் தொடங்கியது 2023 ஜனவரியில். அவையும் முதலில் பெரிய ஆன்லைன் வணிக, டெலிவரி நிறுவனங்களுக்கே போயின. சாலை மார்க்கெட் வியாபாரியின் முறை வருவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

அந்தத் தேதிக்குள் கடன் வாங்கியவர் பழைய வரிமுறையில் இருந்தால் மட்டுமே கழிவைக் கோரலாம். 20 சதவீத வரி கட்டுபவர் ஆண்டுக்கு 60,000 ரூபாய் வட்டி செலுத்தினால், செஸ் உட்பட 12,480 ரூபாய் மிச்சம். அமெரிக்காவில் கழிவு வருமானத்தில் அல்ல, வரியிலேயே கிடைத்தது: 80,000 டாலருக்கு மேற்படாத தகுதியான மின்சாரப் பிக்கப்புக்கு 7,500 டாலர் வரை. 2025 செப்டம்பர் 30-உடன் அதுவும் முடிந்துபோனது.

ஆனால் தொழிலுக்கு வாங்குபவருக்கு 80இஇபி தேவையே இல்லை. முறையாகக் கணக்கு எழுதுபவர் வட்டி முழுவதையும் தொழில் செலவாகக் காட்டலாம். புதிய வரிமுறையிலும் இதற்குத் தடையில்லை. தேய்மானம் இன்னும் பெரிய லாபம். வாடகைக்கு ஓடும் லாரிக்கு 30 சதவீதம் என்றால் மின்வாகனத்துக்கு 40 சதவீதம். 10 லட்ச ரூபாய் வண்டிக்கு முதல் ஆண்டே 4 லட்சம் கழியும். கணக்கு எழுதாமல் உத்தேச வருமானம் காட்டுபவருக்கு, அதாவது வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டுபவருக்கு, இவை தனியாகக் கிடைக்காது.

ஜிஎஸ்டியில் மின்சார வண்டிக்கு 5 சதவீதம்தான். டீசல் சரக்கு வண்டிக்கு 28 ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது. கட்டிய வரியைப் பதிவு பெற்ற வியாபாரி உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால், காய்கறி மட்டும் விற்பவருக்கு அந்த வரவும் இல்லை.

மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானியத் திட்டம் 2024 அக்டோபர் 1-ல் ரூ.10,900 கோடியில் தொடங்கியது. மூன்று சக்கரச் சரக்கு வண்டிக்கு அதில் இடம் கிடைத்தது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு, பழைய லாரியை உடைத்த சான்றிதழோடு வந்தால், 9.6 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். நடுவிலிருக்கும் என்1 பிரிவுக்கு, அதாவது சின்னப் பிக்கப்புக்கு, ஒரு ரூபாய்கூட இல்லை. ஒற்றை வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் வாங்குவது இந்த வகையைத்தான். அவர்களை விட்டுவிட்டு எழுதப்பட்ட திட்டம் திருத்தப்பட வேண்டும்.

சில சிறிய சலுகைகள் நிலைத்திருக்கின்றன. 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி மின்சாரச் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். 2021 ஆகஸ்டிலிருந்து ஆர்.சி. கட்டணமும் இல்லை. தேய்மானத்தை நம்பி வாங்குபவர் நாள் பார்த்து வாங்க வேண்டும். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய வண்டிக்கு அந்த ஆண்டு 40 சதவீதத்தில் பாதிதான் கிடைக்கும். செப்டம்பர் முடிவதற்குள் வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் முழுத் தொகையும் கணக்கில் வரும்.